வெட்டிப் பொழுதும் வெட்டி வேலையும்

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. நவி மும்பையில் மழை. மகளிர் உலகக்கோப்பை இறுதியாட்டம் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டும். முதல் பந்து வீசப்பட்டபோது மணி ஐந்து. அந்த இரண்டு மணி நேரத்தில், வட இந்தியப் பல்கலைக்கழக நகரம் ஒன்றின் வாடகை அறையில், முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவர் குறிப்பிட்டுச் சொல்லும்படி எதையும் செய்யவில்லை. பத்து மணிக்கு எழுந்தார். துணி துவைத்தார். உலர்ந்தவற்றை மடித்தார், பாதியை மடிக்காமல் விட்டார். தோழியர் மூவர் வந்தனர். வேர்க்கடலை வறுக்கப்பட்டது. மடிக்கணினி மேசையின் மீது மூடிக் கிடந்தது. பிறகு ஷஃபாலி வர்மா 87 ஓட்டங்கள் எடுத்தார், இந்தியா ஏழு விக்கெட் இழப்புக்கு 298 என முடித்தது, லாரா வோல்வார்ட் சதமடித்து அனைவரின் வயிற்றையும் கலக்கினார், தீப்தி சர்மா ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். கடைசிப் பிடியை ஹர்மன்பிரீத் பிடித்தபோது அந்த அறையில் நால்வரும் அழுதுகொண்டிருந்தனர்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நெறியாளரிடமிருந்து துறையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. உலகக்கோப்பையை வென்றாகிவிட்டது, இனி மூன்றாம் அத்தியாயத்தையும் வெல்வோமா என்று ஒரு கேள்வி. பக்கத்தில் ஒரு சிரிப்புக் குறி. மாணவி இரண்டு நிமிடத்திற்குள் பதில் எழுதினார்: 'மன்னிக்கவும் சார், இன்றிரவுக்குள் அனுப்பிவிடுகிறேன்.'

இந்த மாணவிக்குப் பெயர் தேவையில்லை. இந்திய உயர்கல்வி நிறுவனங்களில் பயில்வோர் எவரும் தம் துறையிலேயே இத்தகைய நால்வரையேனும் காட்டிவிட முடியும். கவனிக்க வேண்டியது அந்த 'மன்னிக்கவும்' என்னும் சொல்லை. வேறொருவருக்குத் தீங்கிழைத்தவர் சொல்ல வேண்டிய சொல் அது. ஞாயிற்றுக்கிழமையன்று வீட்டில் இருந்ததற்காக அது சொல்லப்படுகிறது. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அதில் வியப்பு ஏதும் இல்லை.

எந்த விதியின்கீழ் இந்த மன்னிப்பு கோரப்படுகிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 2025 வரை வாரத்திற்கு 48 மணி நேர வரம்பையும் ஒரு நாள் விடுமுறையையும் தொழிலாளருக்கு உறுதி செய்தது. அந்த நாள் வாரத்தின் முதல் நாள், அதாவது ஞாயிறு, என்றே சட்டம் குறிப்பிட்டது. மாற்ற வேண்டுமாயின் ஈடாக வேறொரு நாளைத் தர வேண்டியிருந்தது. ஆய்வு மாணவர் தொழிலாளர் அல்லர். ஆகவே அச்சட்டம் அவரைத் தொடவில்லை. சரி, மாணவர் எனில் மாணவருக்குரிய விடுமுறையாவது உண்டா? பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை விதிகளைப் பார்க்கலாம்: பொது விடுமுறைகள் நீங்கலாக ஆண்டுக்கு அதிகபட்சம் 30 நாள், கோடை, குளிர்கால, பூசை விடுமுறைகள் கிடையா. ஊதியம் பற்றிப் பேசினால் அவர் மாணவர். வருகைப் பதிவேடு பற்றிப் பேசினால் அவர் ஊழியர். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என்று பேச்சு திரும்பினால் மறுபடியும் மாணவர். இரு நிலைகளிலும் உள்ள கடமைகள் அனைத்தும் அவர்மீது விழுகின்றன. இரு நிலைகளிலும் உள்ள உரிமைகள் அவரைக் கண்டவுடன் விலகிக்கொள்கின்றன.

இவ்வளவு கறாரான விதிகளிலும்கூட ஞாயிற்றுக்கிழமை வேலைநாள் என்று எங்கும் எழுதப்படவில்லை. ஞாயிறு உழைப்பு வெறும் வழக்கத்தினால் வந்தது. வழக்கத்திற்கு எழுத்து வடிவம் இல்லாததால் அதை மேல்முறையீடு செய்ய ஓர் அலுவலகமும் இல்லை.

வாராந்திர ஓய்வுநாள் ஆங்கிலேயர் தேவாலயத்திலிருந்து தானாக இறங்கி வந்தது என்று கற்றவர்களே நம்புகின்றனர். ஆட்சி அலுவலகங்களுக்கு அது பொருந்தலாம், ஆலைகளுக்குப் பொருந்தாது. ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவரும் 'தீனபந்து' இதழின் ஆசிரியருமான நாராயண் மேகாஜி லோகண்டே, 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார். சுமார் 5,500 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தில் ஞாயிறு விடுமுறை கேட்கப்பட்டது. நண்பகலில் அரை மணி நேர இடைவேளை கேட்கப்பட்டது. முந்தைய மாத ஊதியம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்பதும் அதே விண்ணப்பத்தில் இருந்தது. ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கியது 1890 ஜூன் 10 அன்று. ஆறு ஆண்டுகள் ஆயின.

உதவித்தொகை மாதக்கணக்கில் வந்து சேராமல், கடன் வாங்கி விடுதிக் கட்டணம் செலுத்தும் ஆய்வு மாணவர் அந்த விண்ணப்பத்தை இன்று வாசித்தால், அதைத் தன் துறையில் யாரோ சென்ற வாரம் எழுதியது என்றே எண்ணுவார். 2023 ஜனவரி முதல் இளநிலை உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலை 42,000 ரூபாய். தாளில் நல்ல தொகைதான். தகுதித் தேர்வின்வழி அந்த உதவித்தொகை பெறாமல் மத்திய பல்கலைக்கழகங்களில் பயில்வோருக்கு 8,000 ரூபாய். பத்தாண்டுகளுக்கும் மேலாக அந்த எண் அசையவில்லை. மாதம் 8,000 ரூபாய்க்கு ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து வாங்கிவிட முடியும் என்று நம்பும் துறைத்தலைவர்கள், வேலைக்காரருக்கு வார விடுப்பு தராத வீட்டு எசமானர்களைப் பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசிப்பதையும் காண முடிகிறது.

தமிழில் 'வெட்டியாக இருப்பது' என்றால் வேலையின்றி இருப்பது. 'வெட்டிப் பொழுது' என்றால் வீணாகக் கழியும் நேரம். சோழர் கல்வெட்டுகளில் இதே 'வெட்டி' என்னும் சொல் வேறொரு பொருளில் வருகிறது: கூலியின்றிச் செய்தே ஆக வேண்டிய கட்டாய உழைப்பு. நீர்நிலையைச் செப்பனிடவும் பிற பணிகளுக்கும் ஊராரிடம் பெறப்பட்ட உழைப்பு வரி அது. வட இந்திய மொழிகளில் 'பேகார்' எனப்படுவது இதற்கு நெருக்கமானது. கூலியில்லாத உழைப்பைக் குறித்த சொல் எப்படிப் பயனில்லாத செயலுக்கும், பிறகு செயலின்மைக்கும் பெயராயிற்று என்பதை ஊகிக்க முடியும். உழைப்பவன் பார்வையில், கூலி வராத வேலை வீண் வேலை. அவன் அதைச் சரியாகவே பெயரிட்டான். காலம் செல்லச் செல்ல உழைப்பு உதிர்ந்து வீண் என்பது மட்டும் சொல்லில் எஞ்சியது.

சொற்பிறப்பை வைத்து நியாயம் தேடுவது மொழியியல் வகுப்பில் முதலில் எச்சரிக்கப்படும் பிழை. ஒரு சொல் முன்பு குறித்த பொருள், அது இப்போது குறிக்க வேண்டிய பொருளை ஆணையிடுவதில்லை. அந்த எச்சரிக்கையோடே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: ஆங்கிலத்தின் 'ஸ்கூல்', 'ஸ்காலர்' ஆகியவற்றின் வேரான கிரேக்க 'ஸ்கோலே' ஓய்வு என்று பொருள்படும். தமிழில் 'பள்ளி' கல்விக்கூடத்தையும் குறிக்கும், துயிலிடத்தையும் குறிக்கும். பள்ளியறையில் யாரும் பாடம் நடத்துவதில்லை. இவற்றால் எதுவும் நிரூபணம் ஆகாது. கற்றலும் ஓய்வும் பகைவர் என்ற எண்ணம் எவ்வளவு அண்மைக்காலத்தது என்பதை மட்டும் இவை நினைவூட்டுகின்றன.

ஆய்வு மாணவரின் ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டு 'வெட்டி'களுக்கும் இடையில் கிடக்கிறது. வீட்டில் கிடந்து ஆட்டம் பார்த்தால் அது இன்றைய பொருளில் வெட்டி. துறைக்கு வந்து, நெறியாளரின் கருத்தரங்கிற்கு நாற்காலி ஒழுங்கு செய்து, அவருடைய நூலுக்கு மெய்ப்புப் பார்த்து, தரநிர்ணயக் குழுவின் வருகைக்காகக் கோப்புகளுக்கு உறை போட்டால் அது கல்வெட்டுப் பொருளில் வெட்டி. முதலாவது ஒழுக்கக்கேடு என்றும் இரண்டாவது அர்ப்பணிப்பு என்றும் பெயர் பெறுகின்றன.

இதற்கு மறுமொழியாக வருவது பெரும்பாலும் ஒன்றே: ஆய்வு தொழிற்சாலை வேலையன்று, அது தவம், தவத்திற்கு ஞாயிறு ஏது? பொய்யான வாதம் அன்று இது. ஒரு தரவு பொருந்தாமல் உறுத்தும்போது, நள்ளிரவிலும் ஞாயிற்றிலும் எழுந்து அமர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எவரும் அழைக்காமல், எவருக்கும் அறிவிக்காமல் அவர்கள் அதைச் செய்கின்றனர். அத்தகைய ஞாயிற்றை யாரும் பறிக்கவில்லை, அது தரப்பட்டது. வருகைப் பதிவுக் கருவியில் விரல் வைக்கச் சொல்லி அழைக்கப்படும் ஞாயிறு அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. தவம் செய்வோரிடம் யாரும் வருகைப் பதிவேடு நீட்டியதாகப் புராணங்களிலும் இல்லை.

மக்கள் வரிப்பணத்தில் வாழ்பவர் ஓய்வெடுக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. அரசியலமைப்பின் 43ஆம் உறுப்பு, வேளாண்மையிலோ தொழிலிலோ வேறு எந்தப் பணியிலோ உழைப்போர் அனைவருக்கும் வாழத்தக்க ஊதியத்தையும், ஓய்வு நேரத்தை முழுமையாகத் துய்க்கும் சூழலையும், சமூக, பண்பாட்டு வாய்ப்புகளையும் உறுதி செய்ய அரசு முயல வேண்டும் என்கிறது. நெறிமுறைக் கோட்பாடு என்பதால் நீதிமன்றத்தின்வழி இதை வலியுறுத்த இயலாது. ஆனாலும் 'ஓய்வு' என்பது அந்த ஆவணத்தில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்பிலும் இருக்கிறது. வரிப்பணம் எந்த ஆவணத்தின் பெயரால் திரட்டப்படுகிறதோ, அதே ஆவணம் ஓய்வையும் குறிப்பிடுகிறது.

பல்கலைக்கழகங்கள் இந்தக் கருத்தைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை, வெளியிலிருந்து வாங்கின. 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் ஊழியரை வேலை செய்ய வைக்க முடியவில்லையே என வருந்தினார். வீட்டில் இருந்து என்ன செய்வீர்கள், எவ்வளவு நேரம் மனைவியையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். ஊடகங்களில் சிரிப்பும் கண்டனமும் எழுந்தன. பல்கலைக்கழகத்தினர் பலரும் கண்டித்து எழுதினர். அதே விரல்களால் அந்த ஞாயிற்றிலேயே ஆய்வு மாணவர் குழுக்களில் கேள்விக்குறிகளையும் அனுப்பினர்.

அந்தப் பேச்சில் மற்றொன்றும் பொதிந்திருந்தது. உழைப்பவன் ஆண், வீட்டில் மனைவி, அவள் பார்க்கப்படுபவள். அவளுடைய ஞாயிறு என்னவாயிற்று என்று கேட்கும் தேவையே எழவில்லை. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ஆய்வு மாணவிகளில் மணமானவர்கள் பெற்றோரின் வீட்டிற்கோ கணவரின் வீட்டிற்கோ ஞாயிறன்று சென்றால் அங்கே காத்திருப்பது எந்த விளையாட்டு ஒளிபரப்பும் அன்று. ஆண் ஆய்வாளர் 'சோம்பலான வார இறுதி' என்று படம் போட்டுப் பெருமை கொள்ள முடிகிறது. தட்டைக் கழுவியவர் படத்தில் இல்லை. ஆகவே அந்த நவம்பர் ஞாயிறன்று, நான்கு பெண்கள் ஓர் அறையில் கால் நீட்டி அமர்ந்து, யாருக்கும் சமைக்காமல், பெண்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது அவ்வளவு சிறிய செய்தி அன்று. அதற்குத்தான் மறுநாள் மன்னிப்பு கேட்கப்பட்டது.

ஓய்வுக்காகப் பரிந்து பேசுவோரும் ஒரு பிழை செய்கின்றனர். மனநலப் பயிலரங்குகளில் தவறாமல் இடம்பெறும் எடுத்துக்காட்டு ஜி.எச். ஹார்டி. காலைச் சிற்றுண்டியோடு கிரிக்கெட் எண்ணிக்கைகளை ஆராய்வார், ஒன்பதிலிருந்து ஒன்றுவரை கணிதம், பிற்பகலில் ஆட்டம் பார்க்கச் சென்றுவிடுவார் என்று அவருடைய நண்பர் சி.பி. ஸ்னோ எழுதியிருக்கிறார். இராமானுசனின் கடிதத்தை அடையாளம் கண்டவரே நான்கு மணி நேரம்தான் உழைத்தார், எனவே ஓய்வெடுங்கள், ஓய்வு உற்பத்தித்திறனைப் பெருக்கும் என்று முடிவுரை வழங்கப்படுகிறது.

ஹார்டி ட்ரினிட்டி கல்லூரியில் உணவும் அறையும் பணியாளரும் கிடைக்கப்பெற்ற ஆய்வுறுப்பினர். அவருடைய பிற்பகலை ஒரு நிறுவனம் சுமந்தது. இது ஒருபுறம் இருக்கட்டும். கணிதம் நன்றாக வரவேண்டும் என்பதற்காக அவர் கிரிக்கெட் பார்க்கவில்லை. கிரிக்கெட்டை விரும்பியதால் பார்த்தார். 'நாளை நன்றாக உழைக்க இன்று ஓய்வெடு' என்பது ஞாயிற்றையும் திங்களின் கணக்கில் வரவு வைக்கும் தந்திரம். அதை ஒப்புக்கொண்டால், உற்பத்தியைக் கூட்டாத ஓய்வுக்கு நியாயம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். திங்களன்று அத்தியாயம் நகரவில்லை எனில் ஞாயிறு குற்றமாகிவிடும். அந்த மாணவியின் மன்னிப்பு இந்தத் தர்க்கத்திலிருந்தே பிறந்தது.

கிரிக்கெட் ஆய்வுக்குரிய பொருள்தானே என்ற தற்காப்பும் அப்படியே. சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல், ஆஷிஸ் நந்தி 1989இல், ராமச்சந்திர குகா 2002இல் நூல்கள் எழுதினர். பல்வாங்கர் பாலுவின் பந்துவீச்சின்வழி சாதியின் வரலாற்றைக் குகா சொல்லிய விதம் பாடத்திட்டங்களில் இருக்கிறது. ஆட்டம் இந்திய மயமானதில் இந்திய மொழி வர்ணனைகளுக்கு உள்ள பங்கை அர்ஜுன் அப்பாதுரை விளக்கியிருக்கிறார். தமிழ் வானொலி வர்ணனையின் வாக்கிய அமைப்பைப் பற்றி ஓர் ஆய்வேடே எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் அந்த ஞாயிறன்று மாணவி தரவு திரட்டவில்லை. தீப்தி பந்து வீசும்போது அவர் வாக்கியத் தொடரியலை எண்ணவில்லை. எண்ணியிருந்தால்தான் அவரை மன்னிக்கலாம் என்பது, அவருடைய கண்ணீருக்கும் குறிப்பேடு கேட்பதாகும்.

'சோம்பேறி' என்ற சொல் யார்மீது விழுகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. சையது உசேன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூலில், தென்கிழக்காசியக் குடியேற்ற ஆட்சியாளர்கள் தமக்காக உழைக்க மறுத்தவரைச் சோம்பேறி எனப் பெயரிட்ட விதத்தை விரிவாகக் காட்டினார். தோட்டத்தில் கூலிக்கு வராத விவசாயி தன் வயலில் உழைத்துக்கொண்டிருந்தார். அது கணக்கில் வரவில்லை. இந்தியப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பார்வை சாதியோடு சேர்ந்து இயங்குகிறது. பேராசிரியர் வீட்டுப் பிள்ளை ஞாயிறன்று சாய்ந்து கிடந்தால் சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறார். முதல் தலைமுறையாக, இடஒதுக்கீட்டில் வந்தவர் கிடந்தால் கிடைத்த இடத்தை வீணாக்குகிறார். பின்னவருக்கு ஒரு நாள்கூடத் தன்னை நிரூபிக்காமல் இருக்க அனுமதி இல்லை. மூன்று ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை என விதிகள் வகுத்த ஆய்வுக்காலம் முழுவதும் அவர் வாய்மொழித் தேர்விலேயே அமர்ந்திருக்கிறார்.

உண்மையில் கடினமான கேள்வி நெறியாளரிடமிருந்து வருவதில்லை. வீட்டிலிருந்து வருகிறது. நாள்கூலிக்குச் செல்லும் தாய்க்கு ஞாயிறு இல்லை; வேலை இல்லாத நாள் அவருக்குக் கூலி இல்லாத நாள். மகள் அறையில் அமர்ந்து ஆட்டம் பார்க்கிறாள் என்பதைத் தொலைபேசியில் சொல்ல மகளுக்கே கூச்சம். அன்று மாலை உணவு கொண்டுவந்து கொடுத்த இளைஞருக்கும் ஞாயிறு இல்லை; படியில் நின்றபடி அவர் கேட்டது எண்ணிக்கை எவ்வளவு என்பதைத்தான். விடுதி உணவகத்தில் பாத்திரம் துலக்குவோருக்கும் இல்லை. இந்தக் கூச்சம் மதிக்கத்தக்கது. அதற்கு விடையாக எந்தச் சாமர்த்தியமான வாக்கியமும் கிடையாது. ஆயினும் மாணவி தன் ஞாயிற்றை நெறியாளரிடம் ஒப்படைப்பதால் தாய்க்கு ஒரு ஞாயிறு கிடைத்துவிடப் போவதில்லை. உணவு கொணர்ந்தவர் வீட்டிற்குச் சென்றுவிடப் போவதுமில்லை. 1890இல் ஆலைத் தொழிலாளர் பெற்றது ஆலைகளுக்கு மட்டும்தான். வீட்டுப் பணியாளருக்கு அது இன்றும் வந்து சேரவில்லை. லோகண்டே அதற்காகத் தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவில்லை.

துறைகள் செய்யக்கூடியவை மிகச் சிறியவை, பணம் செலவாகாதவை. சனி மாலை முதல் திங்கள் காலை வரை ஆய்வு மாணவர் குழுக்களில் பணி தொடர்பான செய்தி அனுப்புவதில்லை என்று துறைக்கூட்டக் குறிப்பேட்டில் ஒரு வரி. ஞாயிறன்று கருத்தரங்கப் பணிக்கு வருவோருக்கு ஈடாக வாரநாளொன்று. 30 நாள் விடுப்பை எடுக்க அஞ்சாத நிலை. அதற்கு விண்ணப்பப் படிவம் அலுவலக மேசையில் எல்லோரும் எடுக்கும்படி கிடக்க வேண்டும், நெறியாளரின் முகக்குறிப்பில் தேட வேண்டியிருக்கக் கூடாது. உதவித்தொகை மாதத்தின் 15ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே நிறைவேற்றலாம். தீர்மான வாசகத்திற்குச் சிரமப்பட வேண்டாம், 1884இன் விண்ணப்பத்தில் அது ஆயத்தமாக இருக்கிறது.